5 வருஷ கஸ்டம் லூப்: கழுவி ஓட்டுறதா, கழட்டிட்டு ஏர் கூலர் மாட்டுறதா?

#1 பழையபம்ப் | வேளச்சேரி

வணக்கம். இதுவரைக்கும் படிக்க மட்டும் வந்துட்டிருந்தேன், இன்னைக்கு எழுத வேண்டிய நிலைமை.

2021 பிப்ரவரியில கட்டின மெஷின். ப்ராசஸர் ரைசன் 9 5900எக்ஸ், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080. கார்டே கிடைக்காத காலம் அது. குடுத்த விலைக்கு இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கியிருக்கலாம். ஆனது ஆச்சுன்னு கஸ்டம் லூப்பும் போட்டேன், அதாவது பம்ப் வெச்சு தண்ணியைச் சுத்த விட்டு சூட்டை எடுக்கிற அமைப்பு. மேல 360 ரேடியேட்டர், முன்னாடி 240, டி5 பம்ப், ப்ராசஸருக்கும் கார்டுக்கும் மேல உக்கார்ந்து சூட்டைத் தண்ணிக்கு மாத்துற தனித்தனி வாட்டர் பிளாக். உள்ள ஓடுற நீலத் தண்ணி வெளிய தெரியணும்னு கண்ணாடி மாதிரி பிவிசி குழாய். முதல் ரெண்டு வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தண்ணி மாத்தினேன். மூணாவது வருஷம் ஒரே தடவை. அப்புறம் குறையுறப்போ ஊத்துறதோட சரி. மறைச்சு என்ன ஆகப்போகுது.

இப்ப நீலம் போயி கோயில் குளத்துத் தண்ணி நிறம். ஏசி 27-ல வெச்சு கேம் ஓட்டினா முன்னாடி கார்டு 52 டிகிரியில நிக்கும். இப்ப 71. 3டி படம் உருவாக்குற ரெண்டரிங்ல ப்ராசஸர் 66 இருந்தது, இப்ப 79 தொடுது.

அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா எட்டு மாசம் ஜெர்மனி போறேன். மெஷின் தங்கச்சிகிட்ட இருக்கும். ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம், ராத்திரி பூரா ரெண்டரிங் ஓடும். லூப்பை நல்லா கழுவி புதுத் தண்ணி ஊத்திட்டுப் போகவா, இல்ல மொத்தமா கழட்டிட்டு ப்ராசஸருக்கும் கார்டுக்கும் ஃபேன் வெச்ச ஏர் கூலர் மாட்டிட்டுப் போகவா? மனசு முதலாவதுகிட்டதான் இழுக்குது. அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்.

#2 நொடிக்குநூறு | திருச்சி

கழட்டு. இதுல பேச என்ன இருக்கு?

#3 சொட்டுநீர்ப்பாசனம் | மதுரை

இருங்க இருங்க. யாராவது லூப்னு வாயைத் திறந்தாலே "கழட்டு"ன்னு கத்துறது இங்க ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு.

என் லூப்புக்கு ஏழாவது வருஷம். எங்க வீட்ல ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பைக்கைக் கழுவுவோம், தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவோம், அதே வரிசையில லூப்பையும் இறக்கிடுவேன். பிளாக்கைத் திறந்து, கழுவி, புதுக் கூலன்ட் ஊத்தி, மறுநாள் கேஸுக்குச் சந்தனம் குங்குமம். வருஷத்துல ஒரு நாள், அவ்வளவுதான் பராமரிப்பு. நாள் குறிச்சு வைக்காதவங்களுக்குத்தான் வாட்டர் கூலிங் தொல்லை.

தம்பி ரெண்டு வருஷம் கழுவாம விட்டுட்டு லூப்பைக் குத்தம் சொல்றது நியாயமில்ல. எண்ணெய் மாத்தாத பைக் சீஸ் ஆனா பைக்கையா திட்டுவோம்?

#4 தாமிரத்தட்டு | சிங்கப்பூர்

கழற்றுவதா வேண்டாமா என்பதற்கு முன்னால், எது கெட்டிருக்கிறது என்று பார்ப்போம். உங்கள் லூப்பில் தண்ணீரின் வெப்பநிலையைக் காட்டும் சென்சார் உண்டா? இருந்தால் இரண்டு கழித்தல் கணக்குப் போதும்.

தண்ணீரின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழியுங்கள். அது ரேடியேட்டரின் மதிப்பெண். இந்த வித்தியாசம் முன்பைவிடக் கூடியிருந்தால் ரேடியேட்டரில் தூசி, அல்லது ஃபேன் தளர்ந்திருக்கிறது. அடுத்து, கார்டின் வெப்பநிலையிலிருந்து தண்ணீரின் வெப்பநிலையைக் கழியுங்கள். அது பிளாக்கின் மதிப்பெண். இது கூடியிருந்தால் சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், பிளாக்குக்குள் அடைப்பு இருக்கலாம், அல்லது ஓட்டம் குறைந்திருக்கலாம். கார்டு ஒன்றில் மட்டும் கூடினால் முதலில் பேஸ்ட்டைச் சந்தேகப்படுங்கள். ப்ராசஸரிலும் சேர்ந்து கூடினால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அந்தத் தண்ணீர்தான்.

#5 பழையபம்ப்

சென்சார் இருக்கு, தண்ணி நிக்கிற ரிசர்வாயர் தொட்டியில. கேம் ஓடுறப்போ முன்னாடி 38, இப்ப 39. அப்ப கார்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல 14 இருந்தது 32 ஆயிருக்கு! ப்ராசஸர் பக்கமும் பன்னெண்டு பதிமூணு ஏறியிருக்கு. ரேடியேட்டர் ஃபேன்தான் போச்சுன்னு நெனச்சு புது ஃபேன் மூணு ஆர்டர் போட்டிருந்தேன். கேன்சல் பண்ணிட்டேன். நன்றி சார்.

#6 தாமிரத்தட்டு

பிளாக்கைத் திறங்கள். தாமிரத் தகட்டில் சீப்புப் பல் போல நுண்ணிய துடுப்புகள் இருக்கும். இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. லூப்பில் எங்கே என்ன அழுக்கு கிளம்பினாலும் கடைசியில் வந்து சிக்குவது அங்கேதான். லூப்பிலேயே நல்ல வடிகட்டி அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

குழாய் எந்த வரிசையில் போகிறது என்று இப்போது யாராவது ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். 400 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டம் சுமந்தால், லூப்பின் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் வித்தியாசம் ஒன்றரை டிகிரிகூட இல்லை. எனவே வரிசை முக்கியமே அல்ல. ஆனால் அடைப்பினால் ஓட்டம் 1 லிட்டராக இறங்கினால் அதே வித்தியாசம் 6 டிகிரியை நெருங்கும். துடுப்புகளுக்கிடையில் தண்ணீர் மந்தமாகி, தகட்டிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் கைமாறுவதும் குறையும், அதுதான் பெரிய நஷ்டம்.

#7 கோவைக்காத்து | பீளமேடு

நான் காத்துக் கட்சிங்க, பேர்லயே இருக்கு. 2019-ல லூப்பை வித்துட்டு ரெட்டைக் கோபுர கூலர் மாட்டினவன். அதுக்கப்புறம் கம்ப்யூட்டருக்குள்ள கை வெச்சது தூசி ஊத மட்டும்தானுங்க.

எங்களைத் தண்ணியே தெரியாதவங்க மாதிரி பேசுறாங்க பாருங்க, அதுதான் சிரிப்பா வருது. ஏர் கூலர்லயும் தண்ணி இருக்குதுங்க! அந்தத் தாமிர ஹீட்பைப்புக்குள்ள காத்தை உறிஞ்சிட்டு சில சொட்டுத் தண்ணி விட்டு சீல் வெச்சிருப்பாங்க. அழுத்தம் கம்மி, அதனால கொஞ்சச் சூட்டுலயே ஆவியாகிடும். ஆவி மேல போயி தகடுகிட்ட குளிர்ந்து தண்ணியாகும், உள்சுவர்ல இருக்கிற திரி மாதிரி சமாச்சாரம் அதைத் திரும்ப அடிக்குக் கொண்டு வரும். பம்ப் கிடையாது, கசிவைத் தடுக்கற ஓ-ரிங் ரப்பர் வளையம் கிடையாது, பாசி கிடையாது, பத்து வருஷமானாலும் அதும்பாட்டுக்கு வேலை செய்யும். கெடறதுன்னா ஃபேன் ஒண்ணுதான். அதைக் கம்பியை நெம்பி ரெண்டு நிமிஷத்துல மாத்திடலாமுங்க.

தூசி ஊதறப்ப ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. பிளோயர் அடிக்கறப்ப ஃபேன் றெக்கையை விரலால புடிச்சுக்கணும். சும்மா விட்டா கண்டபடி சுத்தி பேரிங் போயிடும்.

#8 நொடிக்குநூறு

அண்ணன் ஹீட்பைப் பத்தி சொன்னது எனக்குப் புதுசு. இவ்வளவு நாள் கெட்டித் தாமிரக் கம்பின்னு நெனச்சிட்டிருந்தேன் 😅

#9 பனிவிழும்ஊர் | ரொறொன்ரோ

வணக்கம் தம்பி. நான் சொல்லுறதைப் பயப்படுத்துறன் எண்டு நினைக்காதேங்கோ.

என்ர லூப் 2022 மாரியில ஒழுகினது. இரவு ரெண்டரிங் போட்டிட்டுப் படுத்தனான். காலமை எழும்பிப் பாத்தா கேஸுக்குக் கீழ ஈரம், திரை கறுப்பு. பிளாக்கில இருந்த ஃபிட்டிங் ஒண்டின்ர ஓ-ரிங் நசிஞ்சு ஒரு பக்கத்தால வெளிய வந்து கிடந்தது. பிழை என்ர தான். முதல் நாள் பின்னேரம் அவசரத்தில இறுக்கினனான், காத்தழுத்தச் சோதனையும் செய்யேல்லை. அந்த லீக் டெஸ்டர், சைக்கிள் பம்ப் மாதிரிச் சின்னச் சாமான். அதை வாங்கப் பஞ்சிப்பட்டன்.

கார்டுக்கு மேல சொட்டுச் சொட்டாய் விழுந்து பின்தகட்டில தேங்கி நிண்டது. உடன பிளக்கைக் கழட்டி, கார்டைப் பிரிச்சு, ஐசோப்ரொப்பைல் அல்ககோல் விட்டுப் பிரஷ்ஷால தேய்ச்சு, மூண்டு நாள் காய விட்டனான். தெய்வாதீனமா வேலை செய்தது, இண்டைக்கும் மகன்ர மெசினில ஓடுது.

கூலன்ட் போத்தலில "மின்சாரம் கடத்தாது" எண்டு கிடக்கும். புதுசா ஊத்தேக்க அது சரி. பிறகு தாமிரம், நிக்கல், சாலிடர் எல்லாத்திலயும் உரசி ஓடி அயனிகளைச் சேத்துப்போடும். ஒரு வருசம் ஓடின தண்ணி கடத்தும். அந்த எழுத்தை நம்பி இருந்திடாதேங்கோ.

நான் இருந்தபடியா அந்தக் கார்டு தப்பினது. நான் வீட்டில இல்லாம விட்டிருந்தா?

#10 ரிச்சித்தெரு_வாசி | சென்னை

லூப் வெச்சே ஆகணும்னா தண்ணி விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க பாஸ். கடைக்கு வர்றவங்க கேக்குறதைக் கேட்டா தலை சுத்தும். "ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா?" கூடாது, ஆர்ஓவுலயும் உப்பு மிச்சம் இருக்கும். "கேன் தண்ணி?" ஐயோ. "இன்வெர்ட்டருக்கு ஊத்துற பேட்டரி தண்ணி?" லேபிள்ல என்ன போட்டிருந்தாலும் சில பாட்டில் நல்லா இருக்கும், சிலது டிடிஎஸ் மீட்டர் வெச்சா சிரிக்கும். அளந்து பாத்துட்டு, கழுவ மட்டும் வெச்சுக்கோங்க.

கார் கூலன்ட்டும் கேப்பாங்க. அதுலயும் கிளைக்கால், துரு தடுப்பான்தான் இருக்கு, ஓடும். ஆனா ஒவ்வொரு கம்பெனி கலவையும் வேற, நிறமி அடியில படியும். அதுவும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்குமாம், நாய் பூனை நக்கிட்டா பொழைக்காது. வீட்ல பூனை இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

இன்னொண்ணு. மலிவா கிடைக்குதேன்னு அலுமினிய ரேடியேட்டரை வாங்கி தாமிர பிளாக்கோட சேத்துராதீங்க. ரெண்டு உலோகம், நடுவுல தண்ணி, அது பேட்டரி. அலுமினியம் கரைஞ்சுகிட்டே இருக்கும். ஒருத்தர் கொண்டு வந்த பிளாக்கைத் திறந்தா உள்ள வெள்ளையா கஞ்சி மாதிரி. சோறு மட்டும்தான் இல்ல.

#11 பழையபம்ப்

திறந்துட்டேன். சனிக்கிழமை காலைல ஆரம்பிச்சு மத்தியானச் சாப்பாடு மூணரை மணிக்கு.

கார்டு பிளாக்குல துடுப்பே தெரியல. மேல வெள்ளையா மெழுகு மாதிரி ஒரு படலம், அதுக்கடியில பச்சைச் சேறு. நகத்தால சுரண்டினா சோப்பு மாதிரி வருது. சில இடத்துல நிக்கல் பூச்சு உரிஞ்சு தாமிரம் சிவப்பா எட்டிப் பாக்குது. குழாயோட உள்பக்கமும் மங்கி, பழைய பீங்கான் மாதிரி ஆயிடுச்சு. ரேடியேட்டர்ல இருந்து வந்த தண்ணியை வெள்ளை பக்கெட்டுல புடிச்சேன். அம்மா எட்டிப் பாத்துட்டு "இதையாடா இவ்வளவு நாள் கண்ணாடிக்குள்ள லைட்டு போட்டு வெச்சிருந்த?"ன்னு கேட்டாங்க.

ஒரு சின்ன சந்தேகம். வீட்ல பித்தளைச் சாமான் எல்லாம் புளி போட்டுத் தேய்ப்பாங்க, பளபளன்னு வரும். பிளாக்கை அப்படித் தேய்க்கலாமா? சிரிக்காம பதில் சொல்லுங்க.

#12 தாமிரத்தட்டு

சிரிக்கவில்லை, சரியான கேள்விதான். புளியின் அமிலம் தாமிர ஆக்சைடைக் கரைக்கும். பூச்சில்லாத வெறும் தாமிரத் தகடானால் நீர்த்த அமிலத்தில் சற்று நேரம் வைத்து நன்றாக அலசலாம். உங்களுடையது நிக்கல் பூசியது, அதுவும் ஏற்கெனவே உரிகிறது. அமிலம் பட்டால் மிச்சமும் கிளம்பும். மென்மையான டூத் பிரஷ், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசல். பாத்திரம் தேய்க்கும் பொடி எதுவும் வேண்டாம். அது அரம் மாதிரி, துடுப்புகளைத் தின்றுவிடும்.

அந்த வெள்ளை மெழுகு உங்கள் குழாயிலிருந்து வந்தது. பிவிசியை வளையவைக்க அதில் பிளாஸ்டிசைசர் சேர்ப்பார்கள். வெந்நீர் ஓட ஓட அது மெல்லக் கசிந்து தண்ணீரில் கலந்து, ஓட்டம் மெதுவாகும் இடத்தில் படியும். கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாயில் இந்தத் தொல்லை இல்லை. என்ன, உள்ளே ஓடுவது தெரியாது.

#13 சொட்டுநீர்ப்பாசனம்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இவர் லூப் கெட்டது வாட்டர் கூலிங்னால இல்ல, அலங்காரத்தால. நிறத் தண்ணி, கண்ணாடிக் குழாய், ரெண்டையும் விட்டுடுங்க. கறுப்பு ஈபிடிஎம் குழாய், நிறமில்லாத கூலன்ட். பாக்க போர்செட் ஹோஸ் மாதிரிதான் இருக்கும், ஆனா தைரியமா ஓடும்.

பம்ப்போட வேக ஒயரை மதர்போர்டுல சிபியு ஃபேன் ஹெடர்ல குத்துங்க. பம்ப் நின்னா சுழற்சி சைபர்னு தெரிஞ்சு போர்டு கத்தும், பூட் ஆகாது. தண்ணி நிரப்புறப்போ போர்டுக்குக் கரன்ட் விடாம, பவர் சப்ளையோட 24 பின் கனெக்டர்ல பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் ஜம்பர் போட்டு பம்ப்பை மட்டும் ஓட்டுங்க. அப்புறம் டிஷ்யூ பேப்பரை எல்லா ஃபிட்டிங்குக்கும் அடியில வெச்சு ஒரு ராத்திரி பாருங்க. இவ்வளவும் செஞ்சா எட்டு மாசம் என்ன, ஒண்ணரை வருஷம் தாங்கும்.

52 டிகிரியில சத்தமே இல்லாம ஓடின 3080-ஐ எந்த ஏர் கூலராலயும் திருப்பித் தர முடியாது. அதையும் நேர்மையா ஒத்துக்கணும்.

#14 தாமிரத்தட்டு

கடைசி வரி உண்மை, ஆனால் கார்டுக்கு மட்டும். ப்ராசஸர் கதை வேறு.

5900எக்ஸில் வெப்பம் கிளம்புவது சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சிப்லெட்டுகள் இரண்டிலிருந்து. விரல் நகம் அளவு இடம், அதற்கு மேல் சாலிடர், அதற்கு மேல் உலோக மூடி, அதற்கு மேல் பேஸ்ட். பெரும்பாலான தடை அந்தச் சிறு இடத்தைத் தாண்டுவதிலேயே முடிந்துவிடுகிறது. மேலே தண்ணீர் இருந்தாலும் ஹீட்பைப் இருந்தாலும் சில டிகிரிதான் வித்தியாசம். இந்த ப்ராசஸர் இழுப்பதே அதிகபட்சம் 142 வாட். நல்ல இரட்டைக் கோபுரத்துக்கு அது பெரிய சுமை அல்ல.

3080-ன் சிப் 628 சதுர மில்லிமீட்டர். மூடி கிடையாது, பிளாக் நேராக சிலிக்கான் மேலேயே உட்காரும். 320 வாட் அவ்வளவு பெரிய பரப்பில் பரவி வருவதால் தண்ணீர் அங்கே உண்மையிலேயே வித்தை காட்டுகிறது. என்னைக் கேட்டால் ப்ராசஸருக்கு லூப் என்பது நகைக்கடை ஷோகேஸ். கார்டுக்கு லூப் என்பது பயன்.

தண்ணீரானாலும் காற்றானாலும் சென்னை மே மாதத்தை மறக்காதீர்கள். அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்த ரேடியேட்டராலும் தண்ணீரை ஆக்க முடியாது. ஏசி இல்லாமல் அறை 36 என்றால் தண்ணீர் 47. அந்த 400 வாட் எப்படியும் அறைக்குள்தான் வந்து சேரும்.

#15 கோவைக்காத்து

டிகிரி கணக்கெல்லாம் அப்புறம் பேசலாமுங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காம பதில் சொல்லுங்க.

தங்கச்சிக்கு அந்த லூப்புல தண்ணி குறைஞ்சா எங்க ஊத்தணும்னு தெரியுமா? ஊத்தற மூடி எது, காலி பண்ற வால்வு எதுன்னு தெரியுமா? டி5 பம்ப்போட பேரிங்குக்கு அந்தத் தண்ணியேதான் எண்ணெயும் குளிர்ச்சியும். ரிசர்வாயர் காலியாகி வறண்டு ஓடுச்சுன்னா பம்ப் போச்சுங்க. நாளைக்கு சப்மிஷன், இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு கத்துச்சுன்னா அந்தப் புள்ள யாரைக் கூப்பிடும்? ஜெர்மனிக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பி "அண்ணா இந்தக் குழாய்ல சொட்டுதா பாரு"ங்குமா?

சொட்டுநீர் அண்ணன் சொன்ன வேலை அத்தனையும் சரி. ஆனா அவர் வீட்ல அவர் இருக்காருங்க.

#16 நொடிக்குநூறு

👆 இதுதான்.

#17 சொட்டுநீர்ப்பாசனம்

சரி, இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில பத்து நாள் இருந்தப்போ வீட்ல யாரும் அந்த மெஷினை ஆன் பண்ணவே இல்ல. பயமாம். இப்ப யோசிச்சா புரியுது.

#18 பழையபம்ப்

கோவை அண்ணன் கேட்டதை அப்படியே தங்கச்சிகிட்ட கேட்டேன். "தண்ணி ஊத்துற மூடி எது?" கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு காலி பண்ற வால்வைக் காட்டினா. முடிவு ஆயிடுச்சு.

ப்ராசஸருக்கு தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ சொல்லியிருக்கேன். நாக்டுவா என்ஹெச்-டி15 மேல ஒரு கண்ணு இருந்தது, ஆனா அது ரெண்டு ஃபேனோட 1.3 கிலோ, உயரம் 165 மில்லிமீட்டர், என் கேஸ்ல பக்கக் கண்ணாடி மூடாது. தெர்மல்ரைட் 155. அந்த விலை வித்தியாசத்துல ஜெர்மனிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிடலாம்.

கார்டுதான் பிரச்சனை. ஒரிஜினல் கூலர் பரண்ல பெட்டியோட பத்திரமா இருந்தது, ஸ்க்ரூ எல்லாம் பழைய விபூதி டப்பாவுல. அப்படி எடுத்து வெச்ச 2021-ன் என்னை நானே பாராட்டிக்கறேன். ஆனா சூட்டைக் கூலருக்குக் கடத்துற மெத்து மாதிரி தெர்மல் பேடு எல்லாம் அன்னைக்கே கிழிஞ்சு போச்சு. என்ன தடிமன்னு எங்கயும் குறிச்சு வைக்கல. 2021-ன் என்னைப் பாராட்டினதை வாபஸ் வாங்கிக்கறேன்.

#19 ரிச்சித்தெரு_வாசி

பேடு தடிமன் கார்டுக்கு கார்டு மாறும் பாஸ், ஒரே கார்டுலயே மெமரிக்கு ஒண்ணு, சிப்புக்கு வோல்டேஜ் சரிபண்ணிக் குடுக்கிற விஆர்எம்முக்கு ஒண்ணு. குத்துமதிப்பா போடாதீங்க. கால் மில்லிமீட்டர் தடிமன் கூடினா கூலர் சிப் மேல சரியா உக்காராது, குறைஞ்சா மெமரி தொடாது. 3080-ல இருக்கிற ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி சூட்டுக்குப் பேர்போனது, 110 டிகிரியில தானா வேகத்தைக் குறைச்சுக்கும்.

தெர்மல் புட்டி வாங்குங்க. சப்பாத்தி மாவு மாதிரி இருக்கும், உருட்டி வெச்சு கூலரை இறுக்கினா தேவையான தடிமனுக்கு அதுவே நசுங்கிக்கும். சிப் மேல பேஸ்ட்டுக்குப் பதிலா பிடிஎம்7950 ஷீட். 45 டிகிரி வாக்குல இளகி இடுக்கெல்லாம் நிரப்பும், பேஸ்ட் மாதிரி ஓரத்துக்குப் பிதுங்கி ஓடாது. ஒட்டறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வைங்க, அப்பதான் மேல இருக்கிற பிலிம் கிழியாம உரியும். போலி நிறைய சுத்துது, தெரிஞ்ச இடத்துல வாங்குங்க.

#20 பனிவிழும்ஊர்

நல்ல முடிவு தம்பி. ஒண்டு மட்டும்: ரேடியேட்டரை எறிஞ்சு போடாதேங்கோ. நல்லாக் கழுவிக் காய வைச்சு, ரெண்டு வாயும் அடைச்சு வையுங்கோ. திரும்பி வரேக்க ஆசை வரும். எனக்கு வந்தது.

#21 பழையபம்ப்

வேலை முடிஞ்சது, நாலு நாள் ஓட்டிப் பாத்தாச்சு. எல்லாம் அதே ஏசி 27-ல.

ப்ராசஸர்: எதையும் தொடாம ரெண்டரிங் ஓட்டினா 80. அழுக்கு லூப்புல 79 இருந்ததை நினைச்சா சிரிப்பு வருது. பயோஸ்ல ஈகோ மோடு போட்டேன், 142 வாட் 88 ஆச்சு, சூடு 63-க்கு இறங்கிடுச்சு. 20 நிமிஷம் ஆகுற ரெண்டர் 22 நிமிஷம் ஆகுது. தங்கச்சிக்கு அந்த ரெண்டு நிமிஷம் பெருசா தெரியல, அந்த நேரம் எப்படியும் இன்ஸ்டாகிராம்தான்.

கார்டு: சும்மா விட்டா 74 டிகிரி, ஃபேன் 1,900 ஆர்பிஎம், பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது. வோல்டேஜை 0.85-ல நிறுத்தி 1,800 மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டினேன். 320 வாட் இழுத்தது 245-க்கு வந்துடுச்சு. இப்ப 65 டிகிரி, 1,400 ஆர்பிஎம். நூறு ஃப்ரேம்ல நாலு குறையுது. இதை 2021-லயே செஞ்சிருந்தா லூப் மேல இந்த ஆசையே வந்திருக்காதோ என்னவோ.

சத்தம் இருக்கு. இல்லைன்னு சொல்லமாட்டேன். லூப்புல ரெண்டு லிட்டர் வாக்குல தண்ணி இருந்தது, அது சூடேறவே பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும், ஃபேன் அதுவரைக்கும் தூங்கும். இப்ப ஒரு பெரிய ஃபைலைத் திறந்தாலே "உஸ்"ங்குது. ஃபேன் கர்வுல சில விநாடி தாமதம் வெச்சதும் கொஞ்சம் அடங்கிச்சு. கேஸுக்குள்ள பாதி இடம் காலி, வீடு மாத்தின அன்னைக்கு ஹால் இருக்குமே, அந்த மாதிரி.

நாளை மறுநாள் ஃபிளைட். எல்லாருக்கும் நன்றி. சொட்டுநீர் அண்ணா, ஆயுத பூஜைக்கு என் ரேடியேட்டருக்கும் சேத்து ஒரு பொட்டு வைங்க.

#22 சொட்டுநீர்ப்பாசனம்

வெச்சிட்டாப் போச்சு. திரும்பி வந்ததும் கறுப்புக் குழாய் நான் வாங்கித் தரேன்.

#23 பழையபம்ப்

வணக்கம், நான் அவரோட தங்கச்சி. அண்ணா போயி ரெண்டு மாசம் ஆச்சு, அவரோட லாகின்ல எழுதுறேன், அவருக்குத் தெரியும்.

நேத்து மெஷின்ல டிர்ர்ர்னு ஒரு சத்தம் வந்தது. நான் பயந்துட்டேன். முன்னாடின்னா தொடவே மாட்டேன், அந்த மீன்தொட்டியை. அப்புறம் இந்த இழையைப் படிச்சேன். பவரை ஆஃப் பண்ணி, பிளக்கை எடுத்துட்டு, பக்கக் கண்ணாடியைக் கழட்டிப் பாத்தா பின்பக்க ஃபேன்ல ஒரு ஒயர் உரசிட்டிருந்தது. அதைத் தள்ளி டேக் போட்டுக் கட்டினேன். கூடவே தூசியும் ஊதிட்டேன், றெக்கையை விரலால புடிச்சுகிட்டுதான். கோவை அண்ணாவுக்கு நன்றி.

ஒரு சந்தேகம்: எந்த ஃபேன் காத்தை உள்ள இழுக்குது, எது வெளிய தள்ளுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

#24 கோவைக்காத்து

ரொம்ப சந்தோசம் கண்ணு. சட்டம் கட்டின பக்கமா, அதாவது குறுக்குக் கம்பியும் நடுவுல ஸ்டிக்கரும் தெரியற பக்கமா காத்து வெளிய வரும். சந்தேகமா இருந்தா ஒரு டிஷ்யூ பேப்பரைப் புடிச்சுப் பாரு, ஒட்டுச்சுன்னா இழுக்குது, பறந்துச்சுன்னா தள்ளுது. முன்னாடி உள்ள இழுக்கணும், பின்னாடியும் மேலயும் வெளிய தள்ளணும்.

#25 குழாயடிச்சண்டை | தாம்பரம்

இழையை இப்பதான் பாத்தேன். அந்த டி5 பம்ப் விக்கிறதா இருந்தா சொல்லுங்க, வேளச்சேரி பக்கம்தான், நேர்ல வந்து வாங்கிக்கறேன்.

#26 பழையபம்ப்

தங்கச்சிதான் மறுபடியும். அண்ணாவைக் கேட்டேன். "தொட்டா கையை ஒடிச்சிடுவேன்"ன்னு சொல்லச் சொன்னார்.